சாவி கொடுத்தாச்சு, பெயர் மாறலையே: எல்லையோரத்தில் சிறுதொழிலை விற்பவர்கள் கவனத்துக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில் பொள்ளாச்சி, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் ஒரு சின்ன எண்ணெய் மில்லோ தீவனக் கடையோ கைமாறும்போது வழக்கமாக நடப்பது இதுதான். விலை பேசுவார்கள், அட்வான்ஸ் கைமாறும், ஒரு முத்திரைத்தாளில் நாலு வரி எழுதிச் சாவியைக் கொடுப்பார்கள். "லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் எம்பேர்லயே இருக்கட்டும், நீங்க ஓட்டிக்கங்க, மெதுவா மாத்திக்கலாம்" என்று விற்பவர் பெருந்தன்மையாகச் சொல்வார். பிறகு வரும் வில்லங்கங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஜிஎஸ்டி எண் விற்பவரின் பான் எண்ணோடு பிணைந்தது. வாங்கியவர் அந்த எண்ணில் போடும் ஒவ்வொரு பில்லும் சட்டப்படி விற்றவரின் விற்பனை. வாங்கியவர் வரி கட்டாமல் விட்டாலும், சரக்கே நகராமல் வெறும் பில் போட்டாலும், நோட்டீஸ் வருவது வீட்டில் ஓய்வாக உட்கார்ந்திருப்பவருக்கு. உணவுப் பாதுகாப்பு உரிமமும் இப்படித்தான். எண்ணெயில் கலப்படம் என்று மாதிரி தோற்றால், உரிமத்தில் இருக்கும் பெயரைத்தான் அதிகாரிகள் முதலில் தேடுவார்கள். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைப் பலர் மறந்தே போகிறார்கள். அது பழைய முதலாளியின் வங்கிக் கணக்கில் பணத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு வருமான வரித் துறையின் கண்ணுக்கு அவருடைய வரவு.

எனவே எது கைமாறும், எது மாறாது என்பதை முன்பணம் வாங்கும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பைப் பெயர் மாற்றலாம். அதன் காப்புத்தொகையை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கிறீர்களா, விலையில் சேர்க்கிறீர்களா என்று எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் உரிமையாளர் இறந்தால் வாரிசுக்குப் போகும். விற்பனையில் அது போகாது, வாங்குபவர் புதிதாக எடுக்க வேண்டும். அப்படியானால் உங்கள் பதினான்கு இலக்க எண் அச்சிட்ட பவுச்சுகளும் லேபிள்களும் அன்றோடு குப்பை. விற்கும் எண்ணம் வந்துவிட்டால் பவுச் ஆர்டரைக் குறைத்துவிடுங்கள். உத்யம் எனும் சிறுதொழில் பதிவும் ஆளோடு சேர்ந்தது, அதை நீங்களே ரத்து செய்ய வேண்டும். பி.எம்.இ.ஜி.பி. எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டக் கடனில் வாங்கிய எந்திரமானால் வங்கியில் கேட்காமல் பேச்சே தொடங்காதீர்கள். மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் முடக்கி வைக்கப்படும். அதற்குள் தொழில் கைமாறினால் மானியமே கையைவிட்டுப் போகலாம்.

ஜிஎஸ்டியில் வரிசை முக்கியம். தனித்தனியாக எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லரை, எண்ணெயை வடிகட்டும் ஃபில்டர் பிரஸ்ஸை விற்றால் எந்திரங்களுக்கு 18 சதவீதம் வரி. 8 லட்சம் ரூபாய் எந்திரத்துக்கு 1,44,000 ரூபாய். ஓடுகிற தொழிலை அப்படியே, அதாவது கோயிங் கன்சர்னாக மாற்றினால் அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் சொத்தோடு பொறுப்புகளும் சேர்ந்து மாறுவதாகத் தெளிவாக இருக்க வேண்டும்.

எண்ணெய் மில்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. எண்ணெய்க்கு 5 சதவீதம், எந்திரத்துக்கும் பேக்கிங் பொருள் சிலவற்றுக்கும் 18 சதவீதம் என்பதால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது நீங்கள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, தேங்கிக்கொண்டே போகும். இப்படித் தேங்கும் வரவைத் திரும்பப் பெறும் ரீஃபண்டைச் சமையல் எண்ணெய்க்கு 2022 ஜூலை 18 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே லெட்ஜரில் கிடக்கும் வரவைக் காசாக்க நடைமுறையில் இருக்கும் வழி, தொழிலோடு சேர்த்து வாங்குபவருக்கு மாற்றிக்கொடுப்பதுதான். அதற்கான படிவம் ஐடிசி-02. முதலில் வாங்குபவர் தன் பெயரில் பதிவு எடுக்க வேண்டும். பிறகு நீங்கள் பட்டயக் கணக்காளர் சான்றுடன் ஐடிசி-02 தாக்கல் செய்ய, அவர் போர்ட்டலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்கள் பதிவை ரத்து செய்யும் ரெக்-16 படிவம். அவசரப்பட்டு முதலில் ரத்து செய்துவிட்டால், வரவு அங்கேயே முடங்கிவிடும். அதோடு கையிருப்புச் சரக்குக்கு எடுத்த வரவையும் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

இங்கேதான் எல்லை குறுக்கே வருகிறது. பாலக்காட்டுக்காரர் ஒருவர் கோபாலபுரத்து மில்லை வாங்குகிறார், அவரிடம் ஏற்கெனவே ஜிஎஸ்டி எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 32-இல் தொடங்கும் கேரள எண். தமிழ்நாட்டு இடத்தில் தொழில் நடத்த 33-இல் தொடங்கும் எண் வேண்டும். உங்கள் வரவை 33-இலிருந்து 32-க்கு மாற்ற முடியாது. "எனக்குத்தான் ஜிஎஸ்டி இருக்கே" என்று அவர் சொன்னால், எந்த மாநிலத்து எண் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் கடை வைத்திருப்பவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள்.

வாங்குபவருக்கும் ஒரு எச்சரிக்கை. தொழிலை மாற்றிக்கொண்டால், மாற்றிய தேதி வரை பழைய முதலாளி கட்டாமல் விட்ட வரி, வட்டி, அபராதத்துக்கு நீங்களும் சேர்ந்தே பொறுப்பு. அந்த வரி பின்னால்தான் கணக்கிடப்பட்டாலும் விடமாட்டார்கள். விலையில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் நிறுத்தி வைப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதுவது அவமரியாதை அல்ல.

இனி விலை. ஊர்ப்பக்கம் வீட்டு உழைப்புக்கும் சொந்தக் கட்டடத்துக்கும் கணக்கில் காசு போடுவதில்லை. ஆண்டு லாபம் 9 லட்சம் என்று வைப்போம். முதலாளி மாதம் 25,000, மனைவி 12,000 சம்பளத்துக்கு வேறிடத்தில் வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 4,44,000. கட்டடத்துக்கு மாத வாடகை 15,000 என்றால் 1,80,000. மீதி 2,76,000 ரூபாய்தான் தொழில் தனியாகச் சம்பாதித்தது. குட்வில், அதாவது தொழிலின் நற்பெயருக்கான விலை, கேட்பதானால் இந்தத் தொகையை வைத்துக் கேளுங்கள். ஒன்பது லட்சத்தை வைத்து விலை சொன்னால் வாங்குபவரின் ஆடிட்டர் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிடுவார்.

கடைசி ஓராண்டு விற்றுமுதலையும் நம்பாதீர்கள். 2025-இல் அரவைக் கொப்பரைக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை விலை அதைவிட வெகுவாக மேலே போனது. அதே டன் ஆட்டிய மில்லுக்குக்கூட அந்த ஆண்டு விற்பனை ரூபாயில் ஊதித் தெரியும். எத்தனை டன் ஆட்டினார்கள் என்று மூன்று ஆண்டுக்குப் பாருங்கள். நூறு கிலோ நல்ல கொப்பரைக்கு 60 முதல் 65 கிலோ எண்ணெய் வரும், மற்றது புண்ணாக்கும் சேதாரமும். கொப்பரைக் கொள்முதல், எண்ணெய் விற்பனை, புண்ணாக்கு விற்பனை, மின் கட்டண ரசீதின் யூனிட், இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பில் இல்லாமல் விற்றதை "அதுவும் வியாபாரந்தானே" என்று விலையில் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. காகிதத்தில் இல்லாத விற்பனைக்கு வங்கி கடன் தராது, வாங்குபவரும் தரத் தேவையில்லை.

கடனுக்கு விற்றதை எழுதும் பற்று நோட்டு தனி உலகம். வெளியே நிற்கும் பாக்கியை முழு மதிப்புக்கு விற்க ஆசைப்படாதீர்கள். வயது வாரியாகப் பிரியுங்கள்: ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள், அதற்கு மேல். மூன்று ஆண்டு தாண்டிய பாக்கிக்கு வழக்குப் போடும் உரிமையே போய்விடுகிறது. காலக்கெடு முடியும் முன் பாக்கி வைத்திருக்கும் கடன்காரரிடம் "இவ்வளவு தர வேண்டியது உண்மை" என்று கையெழுத்து வாங்கினால் அன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். பாக்கியை மாற்றுவதானால் எழுத்தில் மாற்றி, கடன்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் உங்களிடம் கொடுத்துத் தீர்த்துவிடுவார், வாங்கியவர் இரண்டாம் முறை கேட்பார், ஊரில் இருவர் பேரும் கெடும். பாக்கியை நீங்களே வசூலித்துக்கொள்வதாக விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நல்லது.

பணம் வாங்கும் விதத்தில் விற்பவர்தான் மாட்டுகிறார். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் வரலாம். இடமும் சேர்ந்த விற்பனையானால், இடத்துக்கான முன்பணம் 20,000 ரூபாயைத் தொட்டாலே ரொக்கம் கூடாது. தவணைக்கு வருங்காலத் தேதியிட்ட காசோலைகள் கொடுப்பார்கள். காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். திரும்பி வந்தால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. "பாவம், அடுத்த மாசம் போடலாம்" என்று இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். மீதிப் பணம் கைக்கு வராமல் இடத்தைக் கிரயம் செய்யாதீர்கள்.

வருமான வரியில், மூன்று ஆண்டுக்கு மேல் நடந்த தொழிலை ஒரே விலைக்கு மொத்தமாக விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீதம். தேய்மானம் எடுத்த எந்திரங்களைத் தனித்தனியாக விற்றால் அவற்றில் வரும் ஆதாயம் குறுகியகாலக் கணக்கு. எது லாபம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒப்பந்தம் எழுதும் முன் கணக்குப் போட வேண்டியது, எழுதிய பின் அல்ல.

இடம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சட்டம். கிரயச் செலவு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; கேரளத்தில் 8-உம் 2-உம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மில் இருந்தால், கிராம அலுவலகப் பதிவேட்டில் அது 'நிலம்' (நெல்வயல்) என்று இருக்கிறதா 'புரயிடம்' (மேட்டு மனை) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெல்வயலாகப் பதிந்த மண்ணை 2008-ஆம் ஆண்டு நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் இறுகப் பிடித்திருக்கிறது. அதில் மில் நின்றால் வாங்குபவரின் வங்கி பின்வாங்கும். கிரயம் முடிந்ததும் போக்குவரவு, அதாவது பதிவேட்டில் பெயர் மாற்றம், செய்து புதுப் பெயரில் நிலவரியான கரம் கட்டிய ரசீது வாங்கினால்தான் வேலை முடிந்தது. மலையாளப் பத்திரத்தை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பேச வரும், படிக்க வராது என்பவர்கள்தான் எல்லைகளையும் அளவையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

'எதிர்க்கடை போட மாட்டேன்' என்ற நிபந்தனை குட்வில் விற்பனையில் செல்லும், ஆனால் நியாயமான எல்லைக்குள் மட்டும். ஐந்து கிலோமீட்டர், மூன்று ஆண்டு என்பதுபோலத் தூரத்தையும் காலத்தையும் எழுதுங்கள். மகன், மருமகன் பெயரையும் சேர்க்கச் சொன்னால் வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது. பணியாளர்களின் பழைய பணியாண்டுகளைப் புது முதலாளி ஏற்கிறாரா, நீங்கள் கணக்கு முடித்து அனுப்புகிறீர்களா என்பதையும் அதே தாளில் முடித்துவிடுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் மின்மீட்டர் அளவைப் படம் எடுங்கள். சரக்கை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுங்கள். கியூஆர் அட்டையைக் கிழித்தெடுங்கள். ஆர்டர் வரும் வாட்சாப் எண் யாருக்கு என்று எழுதுங்கள். சிறு மில்லில் அந்த எண் எக்ஸ்பெல்லரைவிட மதிப்பானது. பதிவு ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். பழைய பில் புத்தகங்கள், கொள்முதல் ரசீதுகள், கணினியில் இருக்கும் டேலி கோப்பு எதையும் கடையோடு விட்டுவராதீர்கள். ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் அவை உங்கள் கைவசம் இருக்க வேண்டும். வாங்கியவருக்கு வேண்டுமானால் நகல் கொடுங்கள்.