வேலைநிறுத்தம்: சொல்லும் பொருளும்

விடுமுறைக் காலம் நெருங்கினால் செய்திகளில் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும்: ஸ்டிரைக். ரயில் ஓடாது, தபால் வராது, விமான நிலையத்தில் வரிசை நகராது. இதைத் தமிழில் சொல்ல வேலைநிறுத்தம் என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆனால் அதன் இடத்தில் முடக்கம், அடைப்பு, புறக்கணிப்பு என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டுவிடுகிறார்கள். படிப்பவருக்கு எது நின்றது, யார் நிறுத்தினார்கள் என்றே புரிவதில்லை.

சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் ஒரு கோரிக்கையை முன்வைத்து, கூட்டாக, தற்காலிகமாக வேலையை நிறுத்தி வைப்பதுதான் வேலைநிறுத்தம். கோரிக்கை, கூட்டு, தற்காலிகம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் வராவிட்டால் அது விடுப்பு. திரும்பி வராமலே போய்விட்டால் ராஜினாமா.

ஸ்டிரைக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்பது என்பதுதான் பரவலான பொருள். மாலுமிகளின் வழக்கில் அதற்குப் பாயை இறக்குவது என்றும் பொருள் உண்டு. 1768ஆம் ஆண்டு லண்டனில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள், தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இறங்கிவிட்டால் கப்பல் எங்கே நகரும்? வேலையை நிறுத்துவது என்ற பொருள் அங்கிருந்துதான் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் இதற்கு கிரேவ் என்று பெயர். பாரிஸில் செய்ன் நதிக்கரையில் வேலை தேடுபவர்கள் கூடி நின்ற கிரேவ் சதுக்கத்தின் பெயர் அது. ஸ்பானிய மொழியின் வெல்கா, ஓய்ந்திருப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது.

தமிழ்ச் சொல்லுக்கு இப்படிக் கதை எதுவும் தேவையில்லை, பார்த்ததும் புரிகிறது. நில் என்பது தன்வினை, நிறுத்து என்பது பிறவினை. நிறுத்து என்பதோடு அம் விகுதி சேர்ந்து நிறுத்தம். வேலை தானாக நிற்கவில்லை, ஒருவர் முடிவெடுத்து நிறுத்தினார் என்பது இந்த இலக்கணத்திலேயே இருக்கிறது. முடக்கம் என்ற சொல்லில் அது இல்லை. பனி கொட்டினாலும் முடக்கம், கணினி பழுதானாலும் முடக்கம். ஊழியர்களின் கோரிக்கை அந்தச் சொல்லில் காணாமல் போய்விடுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பணிநிறுத்தம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் பணிநீக்கம், பணியிடைநீக்கம் போன்ற சொற்களின் பக்கத்தில் வைத்தால் மேலிடத்துத் தண்டனை போல ஒலிக்கிறது. வேலைநிறுத்தமே தெளிவு.

அப்புறம், பொதுத்துறை வேலைநிறுத்தம். தனியார் ஆலையில் வேலை நின்றால் முதலாளிக்கு நேரடி நஷ்டம், அதுவே பேச்சுவார்த்தைக்கு இழுக்கும். அரசு ஊழியர் வேலையை நிறுத்தினால் அரசின் கல்லாவுக்கு அப்படி உடனடி அடி பல நேரம் விழுவதில்லை. நிறுத்திய நாளுக்குச் சம்பளமும் பிடிக்கப்படுவது பல நாடுகளில் வழக்கம். அடி விழுவது பொதுமக்கள்மீது. அவர்களின் கோபம் அரசை அசைக்கும் என்பதுதான் சங்கங்களின் கணக்கு, அதனால்தான் விடுமுறை நாட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோரைப் பார்க்கப் புறப்பட்டவர் ரயில் நிலையத்தில் பையோடு உட்கார்ந்திருப்பது உண்மையான வேதனை. பல ஆண்டுகள் சம்பளம் உயராமல், பண்டிகை நாளிலும் வேலைக்கு வருபவரின் வேதனையும் உண்மைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நியாயமில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. பதிவாகியுள்ள வேலைநிறுத்தங்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது எகிப்தில், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் நடந்தது. அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்கள், மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று சொல்லி வேலையை விட்டு வெளியேறினார்கள். கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய தானியம் வரவில்லை. அதே சமயம் மன்னரின் 30ஆம் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

அண்மைக் காலத்தில் 2022 டிசம்பர் பிரிட்டனைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸை ஒட்டி ரயில் ஊழியர்களும், ஹீத்ரோ உள்ளிட்ட விமான நிலையங்களில் பாஸ்போர்ட் சோதிக்கும் அதிகாரிகளும் வேலையை நிறுத்தினார்கள். அதிகாரிகளின் இடத்தில் ராணுவத்தினர் உட்கார்ந்தார்கள். செவிலியர்கள் டிசம்பர் 15, 20 தேதிகளில் வெளிநடப்பு செய்தபோதும் கீமோதெரபி, டயாலிசிஸ், தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு விலக்கு அளித்தார்கள். அதே மாதம் 23, 24 தேதிகளில் தபால்காரர்களும் நிறுத்தினார்கள். ஆனால் ராயல் மெயில் அப்போது தனியார் நிறுவனம். அதைப் பொதுத்துறை வேலைநிறுத்தம் என்று எழுதுவது பிழை, பொதுச்சேவை வேலைநிறுத்தம் எனலாம்.

அத்தியாவசிய சேவை என்ற தொடரையும் அளந்துதான் பயன்படுத்த வேண்டும். தடைபட்டால் மக்களின் உயிர், பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்கு ஆபத்து வரும் சேவை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதை வரையறுக்கிறது. மருத்துவமனை, குடிநீர், மின்சாரம் எல்லாம் அதில் அடங்கும். தபாலும் பொதுவான போக்குவரத்தும் அடங்காது. தொந்தரவு வேறு, ஆபத்து வேறு. இத்தாலி வேறு வழியில் போயிருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுச்சேவைகளில் குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விமானப் போக்குவரத்தில் ஜூலை 27 முதல் செப்டம்பர் 5 வரை வேலைநிறுத்தத்துக்கே இடமில்லை.

பக்கத்துச் சொற்களையும் பார்த்துவிடலாம். கதவடைப்பு நிர்வாகம் செய்வது. ஊழியரை உள்ளே விடாமல் பூட்டுவது. கடையடைப்பு வணிகர்களுடையது. ஹர்த்தால் என்ற குஜராத்திச் சொல்லில் கடையும் பூட்டும் சேர்ந்தே இருக்கின்றன. முழு அடைப்பு என்றால் ஊரே மூடுவது. விதிப்படி வேலை என்பது வேலைக்கு வந்து, விதிப்புத்தகத்தில் உள்ளதை மட்டும் செய்வது. விமான நிலைய வரிசையை நீளச்செய்ய அதுவே போதும்.

பயணச்சீட்டு கையில் இருப்பவர் கவனிக்க வேண்டியது முன்னால் வரும் அடைமொழியை. அடையாள வேலைநிறுத்தம் என்றால் பெரும்பாலும் ஒரு நாளோ சில மணி நேரமோ. காலவரையற்ற என்றால் முடிவுத் தேதி யாருக்கும் தெரியாது. ஒத்திவைப்பு என்றால் கோரிக்கை அப்படியே நிற்கிறது, இன்னொரு தேதி வரலாம். வாபஸ் என்று அறிவித்தால்தான் அந்த முறைக்கு முடிந்தது என்று பொருள். அப்போதும் ரயில்களும் ஊழியர்களும் உரிய இடத்துக்கு வந்துசேர ஓரிரு நாள் பிடிக்கலாம்.