மோடம் ‘இணக்கி’ ஆகுமா?

பழைய கணினியை வீட்டு வைஃபையோடு சேர்ப்பது பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் ‘வெற்று இணக்கி வடம்’ என்ற சொல் அடிக்கடி தட்டுப்படுகிறது. ‘நல் (null) மோடம் கேபிள்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, மோடத்தை ‘இணக்கி’ ஆக்கியதில் வந்த வினை இது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் இந்தப் பெயருக்கு ஒரு வடமும் வராது. வாங்கப் போகிறவருக்கே தான் கேட்பது என்ன பொருள் என்று இந்தப் பெயர் சொல்லித் தருவதில்லை. எனக்குப் பெரிய குறை அதுதான்.

மோடம் என்பது மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டி உண்டாக்கியது. கணினியின் 0, 1 குறிகளைத் தொலைபேசிக் கம்பி சுமக்கக்கூடிய ஒலியின் மேல் ஏற்றும். மறுமுனையில் ஒலியிலிருந்து குறிகளை இறக்கும். 1962இல் வந்த பெல் 103 மோடத்தில், அழைக்கும் பக்கம் 1 என்றால் 1270 ஹெர்ட்ஸ், 0 என்றால் 1070 ஹெர்ட்ஸ். வேகம் வினாடிக்கு 300 பிட். சொல்லின் பிறப்பு இவ்வளவுதான்.

இனி ‘இணக்கி’. இணக்குதல் என்றால் ஒத்துப்போக வைத்தல். மேலூர்ப் பக்கம் பங்காளித் தகராறில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி இணக்கி வைக்கிற பெரியவர்கள் உண்டு. அங்கே அந்தச் சொல் கச்சிதமாக உட்காருகிறது. மோடம் செய்வது ஏற்றி இறக்குவது. அதனால் இரண்டு கருவிகள் ஒத்துப்போகின்றன என்பது விளைவு. வேலையை விட்டுவிட்டு விளைவுக்குப் பெயர் வைத்தால், அதே விளைவைத் தருகிற எல்லாப் பொருளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். குறைந்த செலவில் இணைக்கத் தேவையானவற்றைப் பாருங்கள்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி8266 என்ற வைஃபைப் பலகை, மின்னழுத்தம் மாற்றும் மேக்ஸ்3232 சில்லு வைத்த குட்டிப் பலகை, 9 முனை வடம், பழைய கணினியில் வடம் செருகும் துறை (போர்ட்) 25 முனை கொண்டதாக இருந்தால் 25–9 மாற்றுமுனை. நான்கும் எதையோ எதனோடோ இணக்குகின்றன. எதை இணக்கி என்பது?

இந்தக் குழப்பத்துக்குக் காசும் போகும். பழைய கணினியின் தொடர் துறையில் (சீரியல் போர்ட்) ஓடுவது ஆர்எஸ்-232 என்ற தரத்தின் மின்னழுத்தம்: பிளஸ் 3 முதல் 15 வோல்ட், மைனஸ் 3 முதல் 15 வோல்ட். இஎஸ்பி8266 தாங்குவது 3.3 வோல்ட். ‘இணக்கி வாங்கியாகிவிட்டது’ என்று நினைத்து வைஃபைப் பலகையை நேராகத் துறையில் செருகினால் சில்லு போய்விடும். நடுவில் மேக்ஸ்3232 கட்டாயம், அதற்கும் 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். மேக்ஸ்232 என்று எண்ணில் ஒரு 3 குறைந்த சில்லைக் கடையில் எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். அது 5 வோல்ட்டில் ஓடுவது, வைஃபைச் சில்லின் பக்கமும் 5 வோல்ட்டைத் தள்ளும்.

சரி, இந்த வைஃபைப் பலகை மோடமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் அதுவும் ஏற்றி இறக்கத்தான் செய்கிறது. ஆனால் பழைய கணினி அதை மோடம் என்று நம்புவது வேறு காரணத்தால். மோடம்போல் நடிக்கும் மென்பொருளை ஏற்றியிருந்தால், 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் ‘ஏடி’ கட்டளைகளுக்கு அது பதில் சொல்கிறது. ஏடி என்று தட்டினால் ஓகே வரும். ஏடிடிடி போட்டு, தொலைபேசி எண் இருந்த இடத்தில் சர்வர் பெயரைக் கொடுத்தால் இணைப்பு விழும். எனவே ‘மோடப் பாவனைப் பலகை’ என்று எழுதலாம். ‘வைஃபை இணக்கி’ என்பதில் இந்த நுட்பம் எதுவும் இல்லை.

சரியான தமிழுக்கு எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளி இயற்பியலில் மாடுலேஷன் என்பது பண்பேற்றம், டிமாடுலேஷன் பண்பிறக்கம். பாடநூலைத் தொடாதவருக்கும் டீக்கடை ரேடியோவில் ‘பண்பலை’ தெரியும். எஃப்எம் என்பதற்கு இந்தப் பெயர் நிலைத்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வேரும் இருக்கிறது, வழக்கும் இருக்கிறது. மோடம் என்பது பண்பேற்றிறக்கி. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ‘ஏற்றிறக்கி’ என்று சுருக்கினால் லாரியில் மூட்டை ஏற்றுகிற நினைவு வருகிறது. பண்பு இல்லாமல் அது நிற்காது. கட்டுரையில் முதல் தடவை பண்பேற்றிறக்கி என்று எழுதிவிட்டு, பிறகு மோடம் என்றே தொடர்வதில் தமிழுக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. பொருள் தெளிந்த கடன்சொல், பொருள் மங்கிய தமிழ்ச்சொல்லைவிட மேல்.

இணக்கிக்காக வாதாடுகிறவர்கள் அதன் குறுமையைக் காட்டுகிறார்கள். குறுமை நல்லதுதான். ஆனால் ஏற்பி, தகவி, இணக்கி, இயக்கி, திசைவி என்று ஒரே வாலோடு அடுக்கினால் படிக்கிறவர் எதை எதிலிருந்து பிரித்தறிவார்? பெட்டியைத் திறந்து பார்க்காமல் பட்டியலைப் பார்த்து மொழிபெயர்க்கிறார்கள். திறந்து பார்த்திருந்தால் ‘நல்’ என்பதை ‘வெற்று’ என்று எழுதியிருக்க மாட்டார்கள். நடுவில் மோடமே இல்லை என்பதுதான் அதன் பொருள். இரண்டு கணினிகளை மோடம் இல்லாமல் நேருக்கு நேர் சேர்க்க, ஒன்று பேசும் கம்பியை மற்றது கேட்கும் கம்பியோடு மாற்றிக் கட்டிய வடம். ‘மோடமில்லா வடம்’ என்றால் முடிந்தது.

கணினியின் 9 முனைத் துறையில் 2 கேட்பது, 3 பேசுவது, 5 தரை (கிரவுண்ட்). மோடமில்லா வடத்தில் 2 போய் 3இல் சேரும், 3 போய் 2இல் சேரும், 5 நேராக 5இல். 25 முனையில் 2 பேசுவது, 3 கேட்பது, தரை 7. இங்கே எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். உங்கள் பலகைக்கு எந்த வடம் என்று தெரியாவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். 9 முனையானால் சும்மா இருக்கும் நேரத்தில் 5ஐத் தரையாக வைத்து அளந்தால், பேசும் முனையில் மைனஸ் 5 முதல் 12 வோல்ட்வரை காட்டும். கணினியிலும் பலகையிலும் 3இல்தான் மைனஸ் என்றால் மோடமில்லா வடம் வேண்டும். ஒன்றில் 3, மற்றதில் 2 என்றால், 2ஐ 2ஓடும் 3ஐ 3ஓடும் மாற்றாமல் சேர்க்கும் நேர்வடம் போதும்.

எழுத்துகள் போகாமல் மென்பொருள் காத்தே நின்றால் கணினிப் பக்கம் 9 முனையில் 7ஐயும் 8ஐயும் சேர்த்துவிடுங்கள். 4ஐ 6, 1 இரண்டோடும். தொடர் துறையை நடத்தும் 16550 சில்லுக்கு முந்தைய துறைகளில் உள்வரும் எழுத்துகளைப் பிடித்துவைக்க 16 பைட் வரிசை கிடையாது. அவற்றில் 9600 பாட் வேகத்தைத் தாண்டினால் எழுத்துகள் விழுந்துபோகலாம். வைஃபை ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அணைந்திருந்தால் பலகை அதைப் பார்க்கவே பார்க்காது.

கட்டி முடித்ததும் வடத்தின் இரு முனையிலும் ‘மோடமில்லா வடம், 2–3 மாறியது’ என்று சீட்டு எழுதி ஒட்டிவையுங்கள். நேர்வடத்தோடு ஒரே பெட்டியில் கிடந்தால் வெளியே பார்த்துப் பிரிக்க வழியில்லை.