போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலும் பாதுகாப்பு கேட்கலாம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் ஃப்ளாட்டில், எனக்கு ஒரு மாடி மேலே இருக்கும் அக்கா ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு வந்து கதவைத் தட்டினார். காலில் செருப்பு இல்லை. கையில் ஒரு மைலோ டின். திறந்து பார்த்தால் ஐசி என்கிற அடையாள அட்டை, இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் சில்லறை.

"இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். ஆனா போலீசுக்கும் போகமாட்டேன்மா" என்றார்.

காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை ஒரு ஸ்டேசனுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் மலாயில் "பாலிக் பிஞ்சாங் டூலு" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போய் முதலில் பேசிப் பாருங்கள் என்று அர்த்தம். அக்கா வீட்டுக்குத்தான் போனார். ஸ்டேசனுக்குப் போனதற்காக அன்று இரவு இன்னொரு அடி.

அன்று அக்காவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உடலில் அடி பட்டிருந்தாலோ, அடி விழும் என்ற பயம் இருந்தாலோ, போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலேயே சமூகநல இலாகாவிடம் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். இலாகாவில் இதை ஈபிஓ என்பார்கள். நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டாம், வக்கீலும் வேண்டாம். இலாகா அதிகாரியே கையெழுத்துப் போடுவார். விண்ணப்பம் கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆணை வரவேண்டும். 7 நாள் செல்லும். அந்த 7 நாளும் அடித்தவர் உங்களைத் தொடக்கூடாது, வேறு ஆளை ஏவிவிடக்கூடாது, நீங்கள் இருக்கும் இடத்துக்குள் நுழையக்கூடாது. ஆணையை அவர் கையில் சேர்ப்பது போலீசின் வேலை. நீங்கள் கொண்டுபோய் நீட்ட வேண்டியதில்லை.

எங்கே போவது? பகலில் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகம். பட்டர்வொர்த்காரர்களுக்கு அது வட செபராங் பிறை மாவட்டம். இரவு என்றால் 15999. தாலியான் காசே என்ற அரசாங்கத் தொலைபேசிச் சேவை அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கே ஆபத்து என்றால் யோசிக்காமல் 999.

இதற்கெல்லாம் அடிப்படை 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். 1996இல் அமலுக்கு வந்தது. ஈபிஓ 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் எல்லாருக்கும் ஒரே சட்டம். ஆண், பெண் என்ற பாகுபாடும் கிடையாது. குடித்துவிட்டு வந்து வயதான அம்மாவை அடிக்கிற மகன் மீதும் இது பாயும்.

சட்டம் எதையெல்லாம் வன்முறை என்கிறது என்று பாருங்கள். அடிப்பது மட்டும் இல்லை. வீட்டில் வைத்துப் பூட்டுவது, விருப்பமில்லாததைச் செய்யச் சொல்லி மிரட்டுவது, வேதனைப்படுத்தவே பொருளை உடைப்பது, மனதளவில் சித்திரவதை செய்வது எல்லாமே அதில் வரும். 2017 திருத்தம் இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. மனைவியின் பேங்க் கார்டைப் பறித்து வைத்துக்கொண்டு அவர் சம்பளத்தை எடுத்துச் செலவு செய்து தவிக்க விடுவது, வாட்ஸ்அப்பில் மானத்தை வாங்குகிற மாதிரி எழுதி அனுப்புவது போன்றவை இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டன. "அவர் கைநீட்ட மாட்டார், ஆனா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதையும் இந்தச் சட்டம் கேட்கிறது.

நம்மவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது தாலி விஷயம். கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, பதிவு இலாகாவில் மட்டும் பதியவில்லை, அதனால் எனக்கு உரிமை இல்லை என்று பலர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். தவறு. மதப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால் போதும், பதியாவிட்டாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மனைவிதான். விவாகரத்து ஆனவருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கும் பொருந்தும், சட்டம் குடியுரிமை கேட்கவில்லை. எந்தச் சடங்கும் இல்லாமல் காதலர்களாகச் சேர்ந்து வாழ்பவர்களை இது சேர்க்கவில்லை. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. அவர்கள் அடிபட்டால் குற்றவியல் சட்டப்படி புகார் கொடுக்கலாம். விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் 2023 முதல் அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம்.

சரி, 7 நாள் முடிந்தால்? அதற்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிடுவது நல்லது. ரிப்போர்ட் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், அதற்கும் இலாகா அதிகாரி துணைக்கு வருவார். போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு அது காவல். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றம் சாட்டப்பட்டால், அடுத்த பாதுகாப்பு ஆணை 12 மாதம் வரை கிடைக்கும், நீட்டிக்கவும் முடியும். ஆணையை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறியதோடு கையும் வைத்தால் 4,000 ரிங்கிட், ஒரு வருடம் வரை போகும்.

வீடு அவர் பெயரில்தானே இருக்கிறது என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. வீடு யார் பெயரில் இருந்தாலும், உங்கள் பாதுகாப்புக்கு வேறு வழி இல்லை என்று நீதிமன்றம் கருதினால், அவரை வெளியே இருக்கச் சொல்லி உங்களை உள்ளே விடலாம். அடிபட்டவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நீங்களே வெளியேற முடிவு செய்தாலும் தனியாகப் போய் துணிமணி எடுக்காதீர்கள். பத்திரமான இடத்துக்கும் மருத்துவமனைக்கும் போக ஏற்பாடு செய்வதும், சாமான் எடுக்கக் கூடவே வருவதும் போலீசோ இலாகா அதிகாரியோ செய்ய வேண்டிய கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. கேளுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை.

காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், வீட்டில் அடிபட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஓஎஸ்சிசி என்ற தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள். நாலு பேர் முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டிய நிலை வராது. டாக்டர் எழுதும் குறிப்புதான் பின்னால் வழக்குக்குச் சாட்சி. படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டால் அதையே எழுதிவிடுவார்கள்.

இது விவாகரத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆணை வாங்கினால் தாலி அறுந்துவிடும் என்று பயந்து பின்வாங்கும் அம்மாக்கள் உண்டு. திருமணம் அப்படியேதான் இருக்கும். விவாகரத்துக்கு வேறு சட்டம், வேறு வழி.

மனசு விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால், ஜார்ஜ் டவுனில் 1985 முதல் டபிள்யூசிசி என்ற மகளிர் மையம் இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் டபிள்யூஏஓ என்ற மகளிர் அமைப்பு. அங்கே தங்குமிடமும் உண்டு.

அக்கா அன்று என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் 15999க்குப் போன் போட்டார். மறுநாள் ஆணை கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபோட்டோஸ்டேட் கடைக்குப் போனோம். ஒரு நகல் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆபீசுக்கு, ஒன்று கீழே காவலுக்கு இருக்கும் ஜாகாவுக்கு, ஒன்று அக்கா வேலை செய்யும் இடத்துக்கு. உங்களுக்கும் ஆணை கிடைத்தால் அன்றைக்கே இதைச் செய்யுங்கள். மூலத்தாள் அந்த மைலோ டின்னிலேயே இருக்கிறது, டின் இப்போது என் அலமாரியில்.