ஒதுங்கி இருந்தவருக்கு இரண்டு லட்சம் டாலர்: உலகப் போக்கர் தொடரின் இறுதி மேசைக் கணக்கு

உலகப் போக்கர் தொடரின் 2025ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தைக் காணொளியில் பார்த்த வாசகர் ஒருவர் ஒரு கேள்வியை அனுப்பியிருந்தார். எதிராளியின் பந்தயத்தை ஏற்றால் வெல்லும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேலேயே இருப்பதாகத் திரையில் சதவீதம் காட்டுகிறது. அப்படியிருந்தும் பல ஆண்டு அனுபவமுள்ள ஆட்டக்காரர், நம்மூர் ரம்மியில் ஸ்கூட் விடுவதைப் போல, சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இது பயமா, அல்லது நமக்குத் தெரியாத கணக்கா என்பது அவருடைய கேள்வி. எதிராளியின் சீட்டு நமக்குத் திரையில் தெரிவதைப் போல அந்த ஆட்டக்காரருக்குத் தெரியாது என்பது விடையின் சிறு பகுதி மட்டுமே. எதிராளியின் சீட்டை அவரிடமே காட்டிவிட்டால்கூட, பல நேரங்களில் அவர் ஒதுங்குவதுதான் சரி. அதற்கான காரணம் நிகழ்தகவுக் கணிதத்தின் மிக அழகிய மூலைகளுள் ஒன்றில் இருக்கிறது.

முதலில் போட்டியின் அளவைப் பார்த்துவிடுவோம். லாஸ் வேகஸ் நகரில் ஒவ்வொரு கோடையிலும் நடைபெறும் இத்தொடரில் பல போட்டிகள் உண்டு. அவற்றுள் 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட முதன்மைப் போட்டியே உலகப் பட்டமாகக் கருதப்படுகிறது. 2025இல் அதில் 9,735 பேர் ஆடினார்கள். ஒவ்வொரு கட்டணத்திலும் 9,300 டாலர் பரிசுத் தொகைக்குச் சென்றதால், மொத்தப் பரிசு 9 கோடியே 5 லட்சம் டாலரைத் தாண்டியது. முதல் 1,461 இடங்களைப் பிடித்தவர்களுக்கு மட்டும் பணம் கிடைத்தது. அவர்களுள் கடைசியில் இருந்தவர்களுக்கு 15,000 டாலர், வென்ற மைக்கேல் மிஸ்ராக்கிக்கு 1 கோடி டாலர், இரண்டாம் இடத்துக்கு 60 லட்சம், மூன்றாம் இடத்துக்கு 40 லட்சம். மிஸ்ராக்கி அதே கோடையில், 50,000 டாலர் கட்டணமுள்ள ஆட்டக்காரர் சாம்பியன்ஷிப்பையும் நான்காம் முறையாக வென்றிருந்தார்.

ஆட்ட விதியை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள், மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டுகள், இடையிடையே சிப்புகள் எனப்படும் வில்லைகளைக் கொண்டு பந்தயம். கையிலுள்ள அத்தனை சிப்புகளையும் ஒரே நேரத்தில் வைப்பதற்கு ஆல் இன் என்று பெயர். முதன்மைப் போட்டியில் ஒவ்வொருவரும் 60,000 சிப்புகளுடன் தொடங்குகிறார்கள். அவை தீர்ந்தால் வெளியேற வேண்டியதுதான்.

நமது கணக்குக்கு வேர் இந்தத் தொடரின் வரலாற்றிலேயே இருக்கிறது. பென்னி பினியன் தமது ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 1970இல் இதைத் தொடங்கியபோது, கூடியிருந்த ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பின் மூலமே ஜானி மாஸ் சாம்பியனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு முதல், ஒருவர் கையில் எல்லாச் சிப்புகளும் சேரும்வரை ஆடும் முறை வந்தது. எனினும் 1977 வரை பரிசு முழுவதும் வென்ற ஒருவருக்கே. 1978இல்தான் அடுத்தடுத்த இடங்களுக்கும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். நிர்வாக வசதிக்கான சிறிய மாற்றமாகத் தோன்றும் இந்த முடிவு, ஆட்டத்தின் கணிதத்தையே மாற்றிவிட்டது.

எப்படி என்று பார்ப்போம். பரிசு முழுவதும் ஒருவருக்கே என்றால், மொத்தச் சிப்புகளில் 30 சதவீதத்தைக் கையில் வைத்திருப்பவர் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? எல்லோரும் சம திறமையுள்ளவர்கள் என்று கொண்டால், விடை சரியாக 30 சதவீதம். இதை நிறுவப் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுத வேண்டியதில்லை. சம திறமையுள்ளவர்கள் ஆடும்போது ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு சுற்றுக்குப் பொருந்துவது ஆயிரம் சுற்றுக்கும் பொருந்தும் என்பதால், ஆட்டம் முடியும்போது அவர் கையில் இருக்கும் சிப்புகளின் சராசரி எதிர்பார்ப்பும் இன்று கையில் இருக்கும் அதே 30 சதவீதம்தான். ஆனால் ஆட்டம் முடியும்போது கையில் இருக்கக்கூடியது இரண்டில் ஒன்றுதான்: எல்லாச் சிப்புகளும், அல்லது ஒன்றுமே இல்லை. நூறு சதவீதமும் பூஜ்யமும் மட்டுமே கலந்து சராசரி 30 வர வேண்டுமானால், நூறு வருவதற்கான வாய்ப்பு 30 சதவீதமாக இருந்தாக வேண்டும். எந்தச் சீட்டு எப்போது வந்தது, யார் எவ்வளவு பந்தயம் கட்டினார்கள் என்பவை எல்லாம் இந்த வாதத்துக்குள் நுழையவே இல்லை. கணிதவியலாளர்கள் மார்ட்டிங்கேல் வாதம் என்று அழைக்கும் இந்த உத்தியைக் கல்லூரியில் முதன்முதலாகப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே 1977 வரை, சிப்பின் மதிப்பு நேர்கோட்டில் ஏறியது. சிப்பு இரட்டிப்பானால் பணமும் இரட்டிப்பானது. இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கும் பரிசு வந்தவுடன் அந்த நேர்கோடு வளைந்துவிடுகிறது. எல்லாச் சிப்புகளையும் சேர்த்து வைத்திருப்பவருக்குக்கூட முதல் பரிசுக்கு மேல் கிடைக்கப் போவதில்லை. ஒரே ஒரு சிப்பு வைத்திருப்பவருக்கும் எஞ்சியுள்ள பரிசுகளில் கடைசிப் பரிசு உறுதி. எனவே கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு சிப்பும் முந்தைய சிப்பைவிடக் குறைந்த பணத்தையே தருகிறது.

வளைவு எவ்வளவு என்று கணக்கிட, இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கான வாய்ப்புகளும் தெரிய வேண்டும். இதற்கான வழி குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. பல குதிரைகள் ஓடும் போட்டியில் முதலிடத்துக்கான வாய்ப்புகள் மட்டும் தெரிந்திருக்கும்போது மற்ற இடங்களுக்கான வாய்ப்புகளை எப்படி மதிப்பிடுவது என்று புள்ளியியலாளர் டேவிட் ஹார்வில் 1973இல் ஒரு முறையை முன்வைத்தார்: வென்ற குதிரையைக் களத்திலிருந்து நீக்கிவிட்டு, மீதமுள்ளவற்றுக்குள் அதே விகிதத்தில் மறுபடியும் ஒரு பந்தயம் நடத்துவதாகக் கற்பனை செய்ய வேண்டும். 1980களில் போக்கர் நூலாசிரியர் மேசன் மால்மத் இதே எண்ணத்தைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். ஆட்டக்காரர்கள் இதை ஐ.சி.எம். என்று அழைக்கிறார்கள்.

2025இன் உண்மையான பரிசுத் தொகைகளைக் கொண்டு கணக்குப் போடுவோம். சிப்பு அளவுகள் மட்டும் என் கற்பனை. மூவர் எஞ்சியிருக்கிறார்கள்: க என்பவரிடம் மொத்தச் சிப்புகளில் 50 சதவீதம், ச என்பவரிடம் 30, த என்பவரிடம் 20. பரிசுகள் 100 லட்சம், 60 லட்சம், 40 லட்சம் டாலர். ச முதலிடம் பெறும் வாய்ப்பு 30 சதவீதம். அவர் இரண்டாமிடம் பெற இரு வழிகள் உண்டு: க வென்று, எஞ்சிய இருவரில் ச முந்துவது (0.5 × 30/50 = 0.3), அல்லது த வென்று, எஞ்சிய இருவரில் ச முந்துவது (0.2 × 30/80 = 0.075). ஆக 37.5 சதவீதம். மூன்றாமிடத்துக்கு மீதி 32.5 சதவீதம். பரிசுகளால் பெருக்கிக் கூட்டினால், ச என்பவரின் இன்றைய மதிப்பு 65.5 லட்சம் டாலர். அதே முறையில் க என்பவருக்கு 76.79 லட்சமும் த என்பவருக்கு 57.71 லட்சமும் வரும். த வைத்திருக்கும் சிப்புகளைப் போல க இரண்டரை மடங்கு வைத்திருக்கிறார். பண மதிப்பிலோ ஒன்றே கால் மடங்கைச் சற்றுத் தாண்டுகிறார், அவ்வளவுதான்.

இனிதான் வேடிக்கை தொடங்குகிறது. க சீட்டை மடித்துவிட்டு ஒதுங்கி நிற்க, சவும் தவும் ஆல் இன் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வெல்லும் வாய்ப்பு சரிபாதி. சிப்புக் கணக்கில் இது முற்றிலும் நியாயமான பந்தயம், யாருக்கும் நட்டமில்லை. பணக் கணக்கில் பாருங்கள். ச வென்றால் த வெளியேறுவார். கவும் சவும் ஆளுக்கு 50 சதவீதச் சிப்புகளுடன் எஞ்சுவார்கள். ச என்பவரின் மதிப்பு 80 லட்சம். ச தோற்றால் அவரிடம் 10 சதவீதமே மிஞ்சும், மதிப்பு 49.33 லட்சம். இரண்டின் சராசரி 64.67 லட்சம், ஆட்டத்துக்கு முன்னிருந்த 65.5 லட்சத்தைவிட ஏறத்தாழ 83,000 டாலர் குறைவு. சரி, ச இழந்தது த என்பவருக்குப் போயிற்றா? அவர் வென்றால் 72.89 லட்சம், தோற்றால் மூன்றாம் பரிசான 40 லட்சம், சராசரி 56.44 லட்சம், அவருக்கும் 1,27,000 டாலர் நட்டம். நியாயமான பந்தயத்தில் மோதிக்கொண்ட இருவரும் நட்டப்பட்டிருக்கிறார்கள். மொத்தப் பரிசு மாறாததால் அந்தப் பணம் எங்கேனும் போயிருக்க வேண்டும். அது போன இடம், சீட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த க என்பவரின் மடி. அவருடைய மதிப்பு 76.79 லட்சத்திலிருந்து 78.89 லட்சமாக உயர்ந்திருக்கிறது. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டாலர், ஒன்றுமே செய்யாமல் இருந்ததற்காக!

வாசகரின் கேள்விக்கான விடையும் இதே எண்களில் இருக்கிறது. த இந்த ஆல் இன்னில் இறங்க வேண்டுமானால், நட்டமில்லாமல் இருப்பதற்கே அவருக்கு ஏறத்தாழ 54 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை. 52 சதவீதம் என்று திரை காட்டும் இடத்தில் அவர் ஒதுங்கினால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. அதிகச் சிப்பு வைத்திருப்பவர் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வார்: மற்ற இருவரும் மோதத் தயங்குவார்கள் என்பது தெரிந்திருப்பதால், சுமாரான சீட்டுடனும் பெரிய பந்தயம் வைத்து அவர்களை மிரட்டுவார்.

பரிசு வாங்கும் எல்லைக்கோட்டில் இந்த வளைவு இன்னும் கூர்மையாகிறது. 2025இல் 1,462ஆம் இடத்தில் வெளியேறுவதற்கும் அதற்கு ஒரு படி மேலே வெளியேறுவதற்கும் இடையே 15,000 டாலர் வேறுபாடு. குறைந்த சிப்பு வைத்திருப்பவர்கள் அடுத்த மேசையில் யாராவது வெளியேறட்டும் என்று காத்திருப்பதைத் தடுக்க, அந்தக் கட்டத்தில் எல்லா மேசைகளிலும் ஒவ்வொரு சுற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கி, எல்லாம் முடிந்த பிறகே அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். முதன்மைப் போட்டிக்கு நுழைவுச் சீட்டு தரும் தகுதிப் போட்டிகளில் நிலைமை உச்சத்துக்குப் போகும். அங்கே பரிசுகள் அனைத்தும் சமம்; பதினொருவர் எஞ்சி, பத்துப் பேருக்கு இடம் என்றால், நிறையச் சிப்பு வைத்திருப்பவர் ஆட்டத்தின் மிகச் சிறந்த தொடக்கச் சீட்டான இரண்டு ஏஸ்களைக்கூட மடித்துப் போடுவது சரியாக இருக்கலாம். டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் நூறு டாலருக்கும் குறைவான இணையத் தகுதிப் போட்டியில் தொடங்கி, 2003இல் 839 பேரைக் கொண்ட முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அடுத்த ஆண்டு ஆட வந்தவர்கள் 2,576 பேர்.

ஐ.சி.எம். தோராயமானதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். முதலிடத்துக்கான வாய்ப்பு மேற்கண்ட வாதத்தால் உறுதியாகிறது. இரண்டாமிடத்துக்கான குதிரைப் பந்தய ஊகத்துக்கு அத்தகைய அடிப்படை இல்லை. மூவர் சிறு சிறு பந்தயங்களாக ஆடி, யார் முதலில் சிப்பை இழப்பார் என்று துல்லியமாகக் கண்டுபிடிப்பது கடினமான கணிதச் சிக்கல். கணிதவியலாளர்கள் பெர்சி டையகோனிசும் ஸ்டூவர்ட் எத்தியரும் துல்லியமான விடையையும் ஐ.சி.எம். விடையையும் ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே, 1995இல், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் தாமஸ் ஃபெர்குசன் இதே மூவர் சிக்கலைப் பற்றி எழுதியிருந்தார். அவருடைய மகன் கிறிஸ் ஃபெர்குசன் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2000ஆம் ஆண்டின் முதன்மைப் போட்டியை வென்றவரும் அவரே. கார்னகி மெலன் ஆய்வாளர்களின் புளூரிபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு 2019இல் மனிதர்களை எதிர்த்து ஆடியபோது, எதிரே அமர்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

சூதாட்டக் கணக்குக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. நிகழ்தகவுக் கணிதமே, பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் உருப்பெற்றதுதான். நாம் மேலே போட்டதும் ஏறத்தாழ அதே பங்கீட்டுக் கணக்கு. காப்பீட்டுத் தவணை முதல் மருந்துச் சோதனை வரை அதன்மேல் நிற்கின்றன. உடனடிப் பயன் என்ன என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் நிதிக்குழுவிடம் பாஸ்கல் விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவ்வப்போது நினைப்பதுண்டு.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் இந்த மேசைகளில் மூடநம்பிக்கைக்குக் குறைவில்லை. 1987, 1988 ஆண்டுகளில் தொடர்ந்து வென்ற ஜானி சான் மேசையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்திருப்பார். பலர் அதை ராசிப் பொருள் என்று நம்பினார்கள். அக்காலத்தில் மேசையைச் சூழ்ந்திருந்த சிகரெட் நாற்றத்துக்கு மாற்றாக முகர்ந்துகொள்வதற்கே அவர் அதை வைத்திருந்தார். ராசியை நம்புவோருக்கு ஒரு கணக்கு: சராசரி ஆட்டக்காரரைவிட மும்மடங்கு வாய்ப்புள்ள ஒருவர், 9,735 பேர் ஆடும் போட்டியில் முப்பது ஆண்டுகள் தவறாமல் கலந்துகொண்டாலும், ஒருமுறையேனும் வெல்லும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. திறமை ஒரு கோப்பையில் தெரியாது, நீண்ட காலச் சராசரியில்தான் தெரியும். பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010ஆம் ஆண்டுத் தொடரின் முடிவுகளை ஆராய்ந்தபோது, முன்கூட்டியே திறமையாளர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் கட்டிய பணத்துக்கு 30 சதவீதத்துக்கும் மேல் லாபம் பெற்றிருந்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 15 சதவீத நட்டம். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று கூறியது. திறமை ஆட்டமாகவே இருந்தாலும் பெரும்பாலோர் பணத்தை இழப்பார்கள் என்பதையும் இதே ஆய்வு காட்டுகிறது. 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை விதித்தபோது, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே அச்சட்டம் பொருட்படுத்தவில்லை. அதில் எனக்குக் குறை இல்லை.

இன்று இக்கணக்குகளை மென்பொருள்கள் நொடியில் போடுகின்றன. தொழில்முறை ஆட்டக்காரர்கள் வீட்டில் அவற்றோடு மாதக்கணக்கில் பயில்கிறார்கள். 2024இல் ஜானத்தன் டமாயோ வென்ற இறுதி மேசையின்போது, பார்வையாளர் வரிசையில் இருந்த அவருடைய நண்பர்கள் மடிக்கணினியைப் பார்த்தபடி இடைவேளைகளில் அவருடன் பேசியது பெரும் சர்ச்சையானது. அடுத்த ஆண்டு விதிகளில் மின்னணுக் கருவிகள் மீதான கட்டுப்பாடு கூட்டப்பட்டது. போட்டி அரங்குக்குள் இத்தகைய மென்பொருள்களையும் அட்டவணைகளையும் ஆட்டக்காரரும் பார்வையாளரும் பயன்படுத்தக் கூடாது. த என்பவர் தமக்கு 54 சதவீதம் தேவை என்பதைத் தலைக்குள்ளேயேதான் கணித்துக்கொள்ள வேண்டும்.