ரயில் முதலில், ஊர் பிறகு: மோர்டன் வளர்ந்த கணக்கு

லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தில் மோர்டன் என்றொரு சிற்றூர் இருந்தது. 1921 கணக்கெடுப்பின்படி அங்கே 1,355 பேர். அடுத்த பத்தே ஆண்டுகளில் 12,618 பேர். 1946-இல் 35,000-ஐயும் தாண்டிவிட்டது. பிறப்புக் கணக்கால் இதை விளக்க முடியாது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்தது, 1926 செப்டம்பர் 13 அன்று திறக்கப்பட்ட ஒரு பாதாள ரயில் நிலையம்.

வேலைக்குப் போகிறவருக்குத் தூரம் என்பது மைல் அல்ல, நேரம். போக வர நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் பெரும்பாலானோர் செலவிடத் தயாராக இருக்கிறார்கள். நடந்தே போனால், அந்த நேரத்தில் எட்டக்கூடிய ஆரம் ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர். ரயில் அதைப் பல மடங்கு நீட்டுகிறது. ஆரம் இரட்டிப்பானால் அதற்குள் அடங்கும் நிலம் நான்கு மடங்காகும். மலிவான வீட்டுமனைகள் திடீரென்று கிடைத்ததற்கு இந்த வர்க்கக் கணக்கே காரணம். லண்டனின் மையமாகக் கொள்ளப்படும் சேரிங் கிராஸிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தள்ளியிருந்த வயல்கள், ஒரே நாளில் நகரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டன.

ஆனால் வெறும் வயலுக்குச் சுரங்கம் தோண்ட எந்த நிறுவனம் பணம் போடும்? இங்கேதான் அரசு வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் வேலையின்மை பெருகியிருந்தது. வேலைவாய்ப்பு தரும் திட்டங்களுக்கு வாங்கும் கடனுக்கு 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அரசு உத்தரவாதம் அளித்தது. அந்தத் துணையோடு, கிளாப்பம் காமனில் முடிந்திருந்த பாதை, இலங்கைத் தமிழர்கள் இன்று நன்கறிந்த டூட்டிங் வழியாக மோர்டன் வரை நீண்டது. இன்னும் தெற்கே உள்ள சட்டன் வரை போகவே எண்ணியிருந்தார்கள். அந்தப் பக்கம் ரயில் ஓட்டிய போட்டி நிறுவனமான சதர்ன் ரயில்வே எதிர்த்ததால் பாதை மோர்டனோடு நின்றது. ஊரின் தலையெழுத்தை மாற்றியது இந்தச் சமரசம்தான் என்பேன். கடைசி நிலையமாக அமைந்ததால், அதற்கு அப்பால் வசித்தவர்களும் இங்கு வந்துதான் ரயிலேற வேண்டியிருந்தது. சுரங்கத்திலிருந்து வெளியே வந்து பள்ளத்தில் நிற்கும் தண்டவாளங்களுக்கு மேலே, சார்ல்ஸ் ஹோல்டன் வடிவமைத்த போர்ட்லண்ட் கல் முகப்பு. அதன் வாசலில் பஸ்கள். ரயில் ஒரு புள்ளியைத்தான் தொடும், சுற்றிலும் உள்ள பரப்பை இணைத்தவை அந்தப் பஸ்கள்.

வீடுகள் இரண்டு வழிகளில் எழுந்தன. தனியார் கட்டுநர்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டி விற்றார்கள். 1932-இல் இங்கிலாந்து மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2 சதவீதத்துக்கு இறங்கியதும், மாதத் தவணையில் வீடு வாங்குவது குமாஸ்தா குடும்பங்களுக்கும் எட்டியது. இன்னொரு பக்கம், லண்டனின் அன்றைய உள்ளாட்சி மன்றமான லண்டன் கவுண்டி கவுன்சில் 1928 முதல் 1936 வரை 825 ஏக்கரில் செயின்ட் ஹீலியர் குடியிருப்பைக் கட்டியது. கட்டுமானப் பொருள்களைக் கொண்டுவரவே தனியாக ஒரு சிறு ரயில்பாதை போட்டார்கள். நடு லண்டனின் நெரிசலில் தவித்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இங்கே தோட்டத்தோடு வீடு கிடைத்தது. அதன் தெருப் பெயர்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்த நிலம் இடைக்காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்குச் சொந்தமாக இருந்ததால், தெருக்களுக்கு மடங்களின் பெயர்களை வைத்தார்கள், அதுவும் அகரவரிசையில். வடமேற்கில் அபர்கான்வேயில் தொடங்கி, தென்கிழக்கில் வோபர்ன் வரை நடந்தால் ஆங்கில நெடுங்கணக்கு வரிசையாக வரும்.

ரயில் வந்தால் வயலெல்லாம் வீடாகும் என்பதும் முழு உண்மையல்ல. நிலத்துக்காரர் விற்க வேண்டும். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், வாண்டில் ஆற்றங்கரையில், மோர்டன் ஹால் பூங்கா இருக்கிறது. ஆற்று நீரின் விசையில் சக்கரம் சுழன்று மூக்குப்பொடி அரைத்த ஆலைகள் அங்கே ஓடின. 1922-இல் அவை நின்றன. உரிமையாளர் கில்லியட் ஹாட்ஃபீல்ட் இந்தப் பூங்காவை மனைகளாகப் பிரிக்கவில்லை. 1941-இல் அவர் இறந்தபோது அது பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குப் போயிற்று. சுமார் 125 ஏக்கர் புல்வெளியும் ஆறும் இன்றும் கட்டடங்களுக்கு நடுவே அப்படியே இருக்கின்றன.