தீசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

"தீசிஸ் முடிச்சாச்சா?" என்று பிஎச்டி மாணவரைக் கேட்பவர் மனத்தில் இருப்பது, கெட்டி அட்டை போட்டுத் தங்க எழுத்தில் பெயர் பொறித்த தடித்த புத்தகம். அதே சொல்லை முதலாண்டு ஆங்கில வகுப்பில் கேட்கிற பிள்ளை மிரண்டுபோகும். இரண்டு பக்கக் கட்டுரைக்கு எதற்குத் தீசிஸ்? ஆசிரியர் கேட்பது என்னவோ, கட்டுரை நிறுவப்போகிற கூற்றைச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம்தான். அதை 'தீசிஸ் ஸ்டேட்மெண்ட்' என்பார்கள்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. வை, இடு என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த பெயர் இது. ஹைப்பாதெசிஸ் என்றால் அடியில் வைத்தது. சிந்தெசிஸ், சேர்த்து வைத்தது. ஆன்டிதெசிஸ், எதிரே வைத்தது. அடைப்புக்குறிக்குச் சொல்கிற பேரன்தெசிஸ்கூட இந்தக் குடும்பம்தான், பக்கத்தில் செருகி வைத்தது. அப்படியானால் தீசிஸ் என்பது நாலு பேர் முன்னால் எடுத்து வைத்த ஒரு கூற்று.

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வாதம் செய்வது படிப்பின் பெரும்பகுதி. ஒருவர் கூற்றை வைப்பார், எதிர்ப்பவர் கேள்வி கேட்பார், வைத்தவர் அதைக் காப்பாற்ற வேண்டும். 1517இல் ஜெர்மனியின் விட்டன்பெர்கில் கிறிஸ்தவத் துறவி மார்ட்டின் லூதர் எழுதிய 95 தீசிஸும் இப்படி வாதத்துக்கு வைத்தவையே. திருச்சபையின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கேள்வி கேட்கிற கூற்றுகள், பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்கள்தான். பின்னாளில், கூற்றை நிறுவ எழுதிய ஏட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏட்டுக்கு 'ஆய்வேடு' என்ற சொல் நிலைத்துவிட்டது. ஹைப்பாதெசிஸுக்குக் 'கருதுகோள்' இருக்கிறது, அருமையான சொல். தகராறு அந்த ஒற்றை வாக்கியத்துக்குத்தான். பலரும் 'மையக்கருத்து' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 'பிளாஸ்டிக் பைகளின் தீமை' என்பது மையக்கருத்தாகலாம், தீசிஸ் ஆகாது. 'தமிழ்நாடு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது' என்பதும் ஆகாது. அது நடந்த செய்தி, யார் மறுப்பார்? 'கடைக்காரருக்கு அபராதம் போடுவதைவிடப் பை தயாரிக்கும் இடத்தை மூடினால்தான் தடை பலிக்கும்' என்று எழுதுங்கள். உடனே ஒருவர் "அதெப்படி?" என்று எழுந்து நிற்பார். சரி, இப்போதுதான் தீசிஸ் வந்திருக்கிறது.

இதற்குத் தமிழில் பழைய சொல் இல்லாமல் இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை, அதாவது தர்க்கம், பாடம் நடத்துகிறார்: இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அங்கே 'பக்கம்' என்பதுதான் தீசிஸ். ஆனால் இன்று "உன் பக்கம் என்ன?" என்று கேட்டால் பிள்ளை நோட்டைப் புரட்டும். மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும். மேற்கோள் என்றால் நிறுவுவதாக ஏற்றுக்கொண்டது. கனகச்சிதமான சொல்! என்ன செய்ய, இப்போது அது பிறர் சொன்னதை எடுத்துக் காட்டுவதற்குப் போய்விட்டது. என் கூற்றைக் குறித்த சொல் அடுத்தவர் கூற்றைக் குறிக்கிறது.

பவணந்தி முனிவரின் இலக்கண நூலான நன்னூல், ஒரு கருத்தை ஆசிரியர் கையாளும் ஏழு விதங்களை 'மதம்' என்கிறது. அவற்றில் ஒன்று 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு'. தானே ஒன்றை நாட்டி, அதை நிலைநிறுத்துவது. கிரேக்கத்தில் வைத்தார்கள், பவணந்தி நாட்டினார், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தப் பட்டியலில் இதற்கு முன்னால் வருவது 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு': எதிராளி கருத்தை எடுத்துச் சொல்லி, பிறகு களைவது. ஆங்கில வகுப்பில் கவுன்டர் ஆர்க்யுமென்ட், ரிபட்டல் என்று இரண்டு நாள் நடத்துவது இதைத்தான்.

அப்புறம், தொல்காப்பிய மரபியல் சொல்லும் நூல் எழுதும் உத்திகளில் 'தன்கோள் கூறல்' என்று ஒன்று உண்டு, தான் கொண்டதைச் சொல்வது. தீசிஸ் ஸ்டேட்மெண்டுக்கு நான் 'தன்கோள்' என்றே எழுதுகிறேன். கருதுகோளுக்கு அண்ணன் தம்பிபோல ஒலிக்கிறது, வேறு பொருளும் இன்னும் ஏறவில்லை. "உங்கள் தன்கோள் என்ன என்று கேட்டால் 'உங்கள்' ஒரு பக்கம், 'தன்' ஒரு பக்கம் இடிக்கிறதே" என்றார் ஒரு நண்பர். உங்கள் தன்னம்பிக்கை, உங்கள் தன்மானம் என்னும்போது இடிக்கவில்லையே என்றேன்.