செயின் போன வழியில் போன ரேஸ் கார்

ஒரு பைக் இன்ஜினைக் கையில் கொடுத்து, இதை வைத்து நான்கு சக்கர ரேஸ் கார் ஒன்று செய் என்றால் இன்ஜினை எங்கே வைப்பீர்கள்? கார் என்றால் இன்ஜின் முன்னால், ஓட்டுபவர் நடுவில், ஓட்டும் சக்கரம் பின்னால். 1946-இல் ரேஸ் கார் கட்டியவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் கட்டினார்கள். ஆனால் பைக் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு ஒரு செயின் வருகிறதே, பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன், இரும்புக்குத் தட்டுப்பாடு, யார் கையிலும் காசு இல்லை. பிரிஸ்டல் ஊரில் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த சில ரேஸ் பைத்தியங்கள் உட்கார்ந்து பேசி ஒரு விதி போட்டார்கள்: இன்ஜின் 500 சிசிக்கு மேல் கூடாது, சூப்பர்சார்ஜர் (காற்றைத் திணித்து இன்ஜினின் சக்தியைக் கூட்டும் பம்ப்) கூடாது. அந்த அளவில் மலிவாகக் கிடைத்தவை பைக் இன்ஜின்கள்தான். ஓட்டுவதற்கு இடமும் தாராளமாக இருந்தது, போருக்காகக் கட்டிய விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. சில்வர்ஸ்டோன், குட்வுட் எல்லாம் அப்படி வந்த ரேஸ் தடங்கள்தான் (நம் சோழவரமும் அதே வகை). 1950-இல் இந்தக் குட்டிக் கார்களுக்கு ஃபார்முலா 3 என்ற சர்வதேச அந்தஸ்தே கிடைத்துவிட்டது.

லண்டனை ஒட்டிய சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் கராஜ் நடத்தி வந்தார்கள். ஃபியட் 500 என்ற சின்னக் காரின் முன்பக்க சஸ்பென்ஷன் இருக்கிறதே, அதில் இரண்டை எடுத்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைத் திருப்பிப் பின்னாலும் வைத்து நடுவில் பற்றவைத்தார்கள். லாரியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்தப் பட்டை ஸ்பிரிங்கின் தம்பி ஒன்று குறுக்காக இருபுறமும். காயலான் கடை மூளை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான்கு சக்கரமும் தனித்தனியாக மேடுபள்ளம் ஏறி இறங்கும் கார் அப்படித்தான் கிடைத்தது. இன்ஜின், ஸ்பீட்வே பைக் பந்தயத்துக்காக ஜேஏபி என்ற இன்ஜின் கம்பெனி செய்த ஒற்றை சிலிண்டர்.

இப்போது செயினுக்கு வருவோம். அந்தக் காலத்து பைக்கில் இன்ஜினிலிருந்து கிளட்சுக்கு ஒரு செயின், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு இன்னொரு செயின். எல்லாம் ஒரே தளத்தில், அருகருகே. காரில் இன்ஜினை முன்னால் வைத்தால், ஓட்டுபவரைத் தாண்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் செயின் ஓட வேண்டும், அது ஆடும், தொங்கும், பல்லைவிட்டுக் கழன்று வரும். செயினே வேண்டாம், புரொபெல்லர் ஷாஃப்ட் (சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) போடலாம் என்றால் கியர்பாக்ஸை மாற்ற வேண்டும், பின்னால் டிஃபரன்ஷியல் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) வேண்டும், எடையும் செலவும் ஏறும். இன்ஜினைத் தூக்கி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால் பைக்கில் இருந்த செயின், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அப்படியே உட்கார்ந்துவிடும். இன்ஜின் பின்னால் போனதற்குக் காரணம் பெரிய கோட்பாடு எதுவும் கிடையாது, செயின் குட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கி. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அதிலேயே ஸ்பிராக்கெட்டையும் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாட்டினால் செயின் ஒரு நேரம் இறுகும், ஒரு நேரம் தளரும். அதனால் ஸ்பிராக்கெட்டைச் சேஸியோடு அசையாமல் இருக்கும் ஒரு குட்டை ஷாஃப்டில் மாட்டினார்கள், அதன் இரு முனையிலிருந்தும் யுனிவர்சல் ஜாயிண்ட் (வளைந்தாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) வைத்த அரை ஷாஃப்டுகள் சக்கரங்களுக்குப் போயின. சக்கரம் என்ன ஆட்டம் போட்டாலும் செயினுக்குத் தெரியாது.

டிஃபரன்ஷியல் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சக்கரங்களுக்கு நடுவே 1.2 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், அரைவட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 3.8 மீட்டர் அதிகம் ஓட வேண்டும், வளைவு பெரிதோ சிறிதோ கணக்கு இதேதான். சேர்த்துக் கட்டிய சக்கரங்களால் இது முடியாது, ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். கனமான காராக இருந்தால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இது 250 கிலோ சுமாருக்கு இருக்கும் கார், ஆகவே பின்பக்கத்தை லேசாக வழுக்கவிட்டே திருப்பினார்கள்.

இன்ஜினைப் பின்னால் வைத்ததில் கேட்காமலே வந்த லாபமும் உண்டு. காவடித் தண்டின் இரு முனையிலும் கனமான குடத்தைக் கட்டிக்கொண்டு நடப்பவரால் சட்டென்று திரும்ப முடியாது, அதே குடங்களைத் தோளுக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டினால் சுலபமாகத் திரும்பலாம். எடை நடுவில் குவிந்த காரும் அப்படித்தான், ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பும். அப்புறம், இருக்கைக்கு அடியில் ஷாஃப்ட் ஓடாததால் ஓட்டுபவரைத் தாழ உட்கார வைக்கலாம், கார் காற்றுக்குக் காட்டும் முகப்பு சிறிதாகும். சக்தி குறைந்த காருக்கு இது சின்ன விஷயமில்லை.

சக்தி எவ்வளவு? ஏறத்தாழ 45 குதிரைத்திறன். அண்மைக்காலம் வரை விற்ற புல்லட் 500-உம் ஒற்றை சிலிண்டர்தான், அது தந்தது 27 சொச்சம். அதைவிடப் பழைய இன்ஜினில் 45 எப்படி வந்தது? பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். வேடிக்கை என்னவென்றால் ஒரு கிலோ மெத்தனாலில் பெட்ரோலில் பாதி வெப்பம்கூடக் கிடையாது. ஆனால் ஒரு கிலோ காற்றோடு பெட்ரோல் 68 கிராம்தான் எரியும், மெத்தனால் 155 கிராம் எரியும். ஆகக்கூடி சிலிண்டருக்குள் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். உண்மையான ஆதாயம் குளிர்ச்சியில் இருக்கிறது. கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் அப்படி. உள்ளே போகும் அதே அளவு காற்றிலிருந்து மெத்தனால் உறிஞ்சும் வெப்பம் பெட்ரோலைப் போல ஏழு மடங்கு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் சிலிண்டருக்குள் அதிகம் நுழையும், நாக்கிங்கும் (கலவை தானாகவே தாறுமாறாக வெடிப்பது) வராது. ஆகவே கலவையை 14-க்கு 1 என்று கன்னாபின்னாவென்று அழுத்தலாம். மைலேஜ் பாதியாகும், ஆனால் ரேஸ் குட்டையானது, யார் கவலைப்பட்டார்கள்.

உராய்வுக்கு விளக்கெண்ணெய். ஆமாம், நம் பாட்டி வயிற்றுக்குக் கொடுத்த அதே ஆமணக்கு எண்ணெய்தான், ரேஸுக்கென்று பக்குவப்படுத்தியது. சூட்டில் படலம் சட்டென்று அறுந்துபோகாது என்பதால் அதை விரும்பினார்கள். எரியும்போது வரும் வாசனை பழைய ரேஸ் ரசிகர்களுக்கு சாம்பிராணி மாதிரி.

கெட்டதையும் சொல்ல வேண்டும். அந்த ஜேஏபியில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 99 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது மேல்முனையில் நின்று திரும்பும்போது உண்டாகும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2400 மடங்குக்கு அருகில் வரும். 300 கிராம் பிஸ்டன் என்றால் கனெக்டிங் ராடை 700 கிலோ பாரம் இழுக்கிறது, அதுவும் நொடிக்கு நூறு தடவை. ஒற்றை சிலிண்டர் என்பதால் எதிர்ப்பக்கம் ஈடுகட்ட இன்னொரு பிஸ்டன் கிடையாது, அதிர்வு முழுக்கச் சேஸிக்குத்தான். கூப்பரின் முதல் காரே தன் முதல் போட்டியில் இன்ஜினைத் தாங்கும் பிடிப்பு உடைந்து நின்றது.

பிற்பாடு நார்ட்டன் என்ற பைக் கம்பெனியின் மேங்ஸ் இன்ஜின் வந்தபோது நிலைமை தேறியது. ஆனால் நார்ட்டன் இன்ஜினைத் தனியாக விற்க மறுத்தது. எனவே காசுள்ளவர்கள் புத்தம்புது ரேஸ் பைக்கையே வாங்கி இன்ஜினைப் பிடுங்கிக்கொண்டு மீதியை விற்றார்கள். அனாதையான அந்த அருமையான ஃபிரேம்களில் ட்ரையம்ஃப் பைக்கின் இன்ஜினை மாட்டியவர்கள் அதற்கு ட்ரைட்டன் என்று பெயர் வைத்தார்கள்.

1948-இல் பதினெட்டு வயதில் கூப்பர் 500 வாங்கி ஓட்ட ஆரம்பித்த பையன்தான் பிற்பாடு பெரிய ரேஸ் வீரரான ஸ்டர்லிங் மாஸ். ஃபார்முலா 1-ஐப் பிற்பாடு ஆட்டிப்படைத்த பெர்னி எக்லஸ்டோனும் இதே மாதிரிக் கார்களில்தான் ஓட்டிப் பார்த்தார்.

இன்ஜினைப் பின்னால் வைத்த முதல் ரேஸ் கார் இதுதான் என்று சொல்லவில்லை. 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பதினாறு சிலிண்டரையே அங்கே வைத்து ஜெயித்தது. ஆனால் போருக்குப் பின் கிராண்ட் பிரீ கார்கள் மறுபடி முன்பக்க இன்ஜினுக்கே போய்விட்டன. 1950 மொனாக்கோ பந்தயத்தில் ஹாரி ஷெல் 1100 சிசி ஜேஏபி மாட்டிய ஒரு கூப்பரைக் கொண்டுவந்தார், முதல் சுற்றிலேயே நடந்த பெரிய மோதலில் சிக்கி வெளியேறினார். அதற்கு எட்டு வருடம் கழித்து, 1958-இல் அர்ஜென்டினாவில் இரண்டு லிட்டருக்கும் குறைந்த, இன்ஜின் பின்னால் இருந்த கூப்பரில் மாஸ் ஜெயித்தார். 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். அந்தக் கார்களில் செயின் கிடையாது, 1958, 1959 கார்களில் சிட்ரோயன் காரின் முன்சக்கர கியர்பாக்ஸை மாற்றியமைத்து, திருப்பிப் பின்னால் மாட்டியிருந்தார்கள்.